குளிர் அறை வாசலில் சாப்பிட்டோம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் விண்கலங்களுக்கு வெப்பக் கவசம் செய்கிறோம். விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது இரும்பே உருகும் சூடு கிளம்பும். கவசம் தன் மேல்தோலைக் கருகவிட்டு, உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். ரெசின் என்கிற பிசின் ஊறிய சிலிக்கா துணியை வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்துவதுதான் எங்கள் வேலை. எல்லோரும் பெண்கள்.

அந்தத் துணி அடுக்கி முடிக்கும்வரை குளிரில் இருக்க வேண்டும். சூடுபட்டால் ரெசின் முன்னாலேயே இறுகிவிடும். அதனால் எங்கள் அறையில் ஏசி நிற்கவே நிற்காது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஆனால் நாங்கள் சாப்பிடும் இடம் காம்பவுண்டு சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. அங்கிருந்த ஒரே ஃபேனும் அனலைத்தான் சுற்றிவிட்டது.

கத்திரி வெயிலில் ஒருநாள், எங்களில் மூத்தவரான அக்கா சாப்பிடும்போதே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். பழவேற்காட்டுப் பக்கம் மீனவக் குப்பத்துக்காரர். வெயில் பழகிய உடம்பு. ஆட்டோ பிடித்துப் புதுவாயலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள். "கடல்ல காத்தாவது வரும். அந்தக் கொட்டாயில இன்னா வருது?" என்றார், கண்ணைத் திறந்ததும்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று காலை எல்லோரும் மேனேஜரிடம் போய்க் கொட்டகையை மாற்றித் தரச் சொன்னோம். இந்த வெயில் போய் மழைக்காலமும் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

மதியம் மணி அடித்தது. அக்கா கொட்டகைக்குப் போகவில்லை. உடை மாற்றும் இடத்தைத் தாண்டி ஒரு நடைவழி உண்டு. ஏசிக் குளிர் அதுவரை எட்டும். அங்கே தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள் நான். இந்த வேலை போனால் மறுபடி நாற்று நடத்தான் போக வேண்டும். இருந்தாலும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் வந்தார்கள்.

செக்யூரிட்டி சொல்லி மேனேஜர் வந்தார். எண்ணெய்க் கை துணியில் பட்டால் அடுக்கு பிரிந்துவிடும், யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் குளிர் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். கை கழுவாமல், கோட்டு மாட்டாமல் உள்ளே போக மாட்டோம் என்றேன். அவர் முகம் இளகவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"துணிக்கு சூடு ஆவாதுன்னு ஏசி போட்டுக்கிறீங்க சார். எங்களுக்கு மட்டும் ஆவுமா?"

ஒவ்வொருவராக ஆபீசுக்கு வரச் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணொண்ணா வர மாட்டோம் சார். பேசறதுன்னா இங்கியே பேசுங்க."

அந்த வாரம் முழுக்க அங்கேயே சாப்பிட்டோம். கவசம் வாங்குகிறவர்கள் தணிக்கைக்கு வரும் நாள் நெருங்கியது. எங்களை வெளியே அனுப்பினால் அடுக்குவதற்குப் பழகிய கை கிடையாது. கடைசியில் கொட்டகைக்குள் சீலிங் அடித்து, இரண்டு கூலர் வைத்தார்கள்.

எனக்கு மட்டும் இடமாற்றம் வந்தது. இறுகிய தகடுகளை இழைத்து ஓரம் சீவும் பிரிவு. அக்கா ஆபீசில் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார், உத்தரவு மாறவில்லை. அந்தப் பிரிவில் ஏசி இல்லை. பறக்கும் தூள் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். முதல் நாளே அங்கிருந்த ஆபரேட்டர், "இங்க வந்தும் பேஜாரு பண்ணாதம்மா" என்றார்.

மாஸ்க் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். மெஷினை ஆன் செய்யாமல் நேராக மேனேஜர் அறைக்கு நடந்தேன்.