தலைக்கட்டுக்கு ஒரு கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் கேட்பது ஒரே கேள்விதான்: அரசியல் என்றால் என்ன? பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள். தேர்தல், கட்சி, கொடி. யாராவது ஒருவர் தவறாமல் ‘சாக்கடை’ என்பார், வகுப்பு சிரிக்கும். எல்லோருக்கும் பொதுவான ஒன்றில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று முடிவு செய்வதெல்லாம் அரசியல்தான் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். குறித்துக்கொள்வார்கள். பரீட்சையில் அப்படியே எழுதுவார்கள். பிறகு அப்பா சொன்ன சின்னத்தில் ஓட்டுப் போடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

என் வீடு ராஜபாளையத்தில். மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் தெரு. கடைசிக்கு முந்தின வீடு என்னுடையது. கடைசி வீட்டில் மில்லுக்குப் போகும் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். புருஷனுக்குக் கேரளாவில் கொத்து வேலை. வீட்டில், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட மாமனார். காலை ஏழு மணிக்கு மில் வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடுவாள்.

நகராட்சித் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறை, விடிகிற நேரத்தில் வரும். திறந்துவிட்டதும் மேட்டு வீடுகளில் மோட்டார்கள் உறும ஆரம்பிக்கும். நகராட்சிக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வதால் யாருக்கும் உறுத்துவதில்லை. அவர்களுடைய தொட்டிகள் நிரம்பிய பிறகுதான் எங்கள் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். அதற்குள் வேன் போயிருக்கும், நானும் பஸ் ஏறியிருப்பேன். என் வீட்டில் போர் இருக்கிறது. ஆனால் உப்புத் தண்ணீர். கழுவவும் துவைக்கவும் அவள் அதைப் பிடித்துக்கொள்வாள். குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் நல்ல தண்ணீர் வேண்டுமே. அதனால் தண்ணீர் வரும் நாளில் லீவு போட்டுவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் வந்து நின்றாள்.

“இன்னொரு தடவ லீவு போட்டா வேற ஆளு பாத்துக்கிடுவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு டீச்சர்.”

“மோட்டார் போடுறாங்கன்னு நகராட்சில எழுதிக் குடுப்போமா?”

“வேண்டாம். பொறவு வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாக.”

“குடத்த வச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்துருவோமா?” பாதி கேலியாகத்தான் கேட்டேன்.

“மறியலுக்கும் லீவு போடணுமே டீச்சர்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மேட்டின் முதல் வீட்டு அண்ணாச்சி அதற்கு அட்மின். பேண்டேஜ் துணி ஆலை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது தெருவை நடத்துகிறார். அரசியல் பேசக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. பிறந்தநாள் கேக், பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, தினமும் யாரோ அனுப்பும் ரோஜாப்பூக் காலை வணக்கம் எல்லாம் வரலாம். தண்ணீர் வரும் நாளில் முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடாமல் இருந்தால் கடைசி வீடுகளுக்கும் கிடைக்கும் என்று நான் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் என் செய்தியைக் காணோம். எனக்குத் தனியாக அண்ணாச்சியின் குரல் பதிவு வந்தது.

“டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீக. காலேஜுல அரசியல் நடத்துறீக, சரி. தெருவுல வேண்டாமே. எதா இருந்தாலும் கோவில்ல வச்சுப் பேசிக்கிடுவோம்.”

எந்தக் கட்சியின் பேரைச் சொன்னேன்? எந்தத் தலைவரைத் திட்டினேன்? எரிச்சலாக இருந்தது. எங்கள் பாடத்திட்டத்தில் அரசியலின் எல்லை என்று ஒரு பகுதி இருக்கிறது. அரசு, சட்டம், உலக நாடுகள் என்று விரிந்துகொண்டே போகும். எங்கள் தெருவிலோ அட்மினுக்குப் பிடிக்காத கேள்வி மட்டும்தான் அரசியல். ஆனாலும் கோவிலில் பேசலாம் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

தெருவில் எது முடிவானாலும் பிள்ளையார் கோவில் முன்னால் கை தூக்கித்தான் முடிவாகும். தலைக்கட்டுக்கு ஒரு கை. தலைக்கட்டு என்றால் கோவில் வரி கட்டுகிற சொந்த வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர்கள் வந்து உட்காரலாம், பேசலாம், கை தூக்க முடியாது. கடைசி வீட்டின் கை அதன் சொந்தக்காரருடையது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அங்கே போனேன். புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நல்ல பிள்ள, பாவம். வாடகையும் நாள் தவறாமக் குடுத்துரும். ஆனா தெரு அரசியலுக்குள்ள நான் வாரதில்ல டீச்சர். கோவிச்சுக்காதீக.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வரமாட்டார், எதிராகவும் கை தூக்கமாட்டார் என்று தெருவுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அதையே நல்ல செய்தியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். அவளுக்கு அன்றும் வேலை. வேனிலிருந்து இறங்கி, முடியில் ஒட்டிய பஞ்சோடு நேராக வந்து ஓரமாக உட்கார்ந்தாள். பேசச் சொன்னேன்.

“அர மணி நேரம் போதும். ரெண்டு கொடம் பிடிச்சுட்டு வேனுக்குப் போயிருவேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எல்லோரும் அவளுக்காக உச்சுக்கொட்டினார்கள். பிறகு ஒருவர், மோட்டார் இல்லாமல் மாடிக்குத் தண்ணீர் ஏறாதே என்றார். இன்னொருவர், அந்த அரை மணி நேரத்தோடு தண்ணீரே நின்றுபோனால் என்ன செய்வது என்றார்.

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் அண்ணாச்சி. நான் தூக்கினேன். நடுத்தெருவில் ஒன்றிரண்டு கைகள் மடியைவிட்டுக் கிளம்பின. பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கிக்கொண்டன. வேண்டாம் என்பவர்கள் தூக்கலாம் என்றதும் வரிசையாகக் கைகள் எழுந்தன. அண்ணாச்சி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.

“அது என்ன அண்ணாச்சி ரெண்டு கை?” என்றேன்.

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு கடேசி வீட்டுக்கு. வீட்டுக்காரரு காலையில போன் போட்டு, நீங்க எப்பிடியோ நானும் அப்பிடியேன்னுட்டாரு.”

அவள் அந்த இரண்டாவது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறக்குகிற வரைக்கும் பார்த்தாள்.

பிறகு அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

“ஏம்மா, தண்ணிக்கு நீ தவிக்க வேண்டாம். நம்ம வீட்டுத் தொட்டி நெறையக் கெடக்கு. எப்ப வேணா வந்து எம்புட்டு வேணுமோ பிடிச்சுக்கோ.”

எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. பெரிய மனசு என்றார் ஒருவர். சுண்டல் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கேட்டவளுக்கு ஒரு தொட்டியே கிடைத்துவிட்டது, இனி நான் என்ன குறை சொல்ல முடியும்? திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளைப் புத்தகத்தைத் திறந்து தாங்களே வாசித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் காலையில் வேனுக்கு முன்னால் போய்த் தண்ணீர் பிடித்தாள். முதல் தடவை சும்மா பிடித்துவந்தாள். அடுத்த தடவை அந்த வீட்டு அம்மா வாசலைக் கூட்டச் சொன்னார். ‘செத்த நேரந்தானே’ என்று கூட்டினாள். பிறகு பாத்திரம். பிறகு மாடியில் காயும் துணியை எடுத்து மடிக்கிற வேலை. தண்ணீர் கொடுக்கிற வீட்டில் எப்படி மாட்டேன் என்பது? வேன் ஹாரன் அடித்துவிட்டு அவள் இல்லாமலே போக ஆரம்பித்தது. மில்லில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அண்ணாச்சி வீட்டில்தான் முழுநேர வேலை. மில்லில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு.

போன வாரம் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது எதிரே மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

“இப்ப தண்ணிக்குக் கஷ்டமே இல்ல டீச்சர்.”