சரம் எடுத்தவள்

குருவம்மாளுக்குப் பூப் பைத்தியம். இதை விட மரியாதையான வார்த்தை எனக்குத் தெரியாது. ஏலக்காட்டுக்கு வேலைக்கு வந்த பெண் முதல் நாள் என்ன செய்வாள்? விறகு பொறுக்குவாள், அடுப்புக் கூட்டுவாள். இவள் பொதிமாடுகளின் பின்னால் போடிமெட்டு ஏறி வந்த களைப்போடு ஓடைக்கரைக்குப் போய், ஒரு மடி காட்டுப்பூ பறித்து வந்து, குடிசை வாசலில் தோரணம் கட்டினாள். தண்ணீர்ப் பானைக்கு ஒரு சுற்று, அம்மிக்கு ஒரு கொத்து. பக்கத்துக் குடிசையில் இருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஏ புள்ள, பூவையா கஞ்சியில போட்டுக் குடிக்கப் போற?" என்று கேட்டேன்.

"இது எம் வீடுக்கா," என்றாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மலையடிவாரத்தில் சிலமலை என்ற அவள் ஊரில், அவள் புருஷன் வெள்ளைத்துரையின் அண்ணன் தம்பி குடும்பம் எல்லாம் ஒரே கூரைக்குள். நிலைப்படியில் ஒரு செவ்வந்தி செருகினால்கூட மூத்த ஓரகத்தி விளக்குமாற்றால் தள்ளிவிடுவாளாம். அவளுக்கென்று ஒரு சுவர் கிடையாது. மலைக்காய்ச்சலுக்குப் பயப்படாமல் இருவரும் இங்கே வந்ததே ஒரு தனிக் குடிசைக்காகத்தான். அதைக் கேட்டதும் என் வாய் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஓடைப் பக்கம் போனால் நானே அவளுக்கு நாலு பூப் பறித்து வந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதச் சாரலில் ஏலம் பூத்தது. ஏலச்செடி உச்சியில் பூக்காது. தூரடியிலிருந்து கொடிபோல ஒரு தண்டு கிளம்பித் தரையில் படரும். பூவும் காயும் அதில்தான். மலையில் அதற்குப் பெயர் சரம். சருகு மூடினால் அழுகிப்போகும் என்று, சருகை விலக்கி அதை மேலே எடுத்துவிடுவோம்.

கங்காணி ராக்கையா அவளை ஒரு சரிவில் கொண்டுபோய் விட்டு, "தூரடியில சருகுக்குள்ள சரம் கெடக்கும் ஆத்தா, எல்லாத்தையும் எடுத்து விட்டுரு. வெரசாப் பாரு," என்று சொல்லிவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டார். சிலமலைக்காரிக்குச் சரம் என்றால் வேறென்ன? எடுத்தாள். ஒன்று விடாமல் கிள்ளி எடுத்தாள். வெள்ளைப் பூ, நடுவில் ஊதா வரி. சாயங்காலம் பார்த்தால் குடிசைக்குள் கூரையிலிருந்து தரை வரை ஏலப்பூ தொங்குகிறது. அந்தச் சரிவின் ஒரு வருஷத்து மகசூல் அது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளைத்துரை துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கினான். ராக்கையா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதலாளி நாளைக்கு வர்றாரு. அதுக்குள்ள மலையெறங்கிருங்க."

எனக்குக் கோபம் வந்தால் கங்காணியாவது மண்ணாங்கட்டியாவது. "சரம்னு சொன்னது யாருண்ணே? கீழயிருந்து வந்த புள்ள, பூச்சரம்னு நெனைக்காம ஆட்டுக்கல்லுன்னா நெனைப்பா?" என்றேன். அவருக்குச் சுருக்கென்றது. "மிளா மான் மேஞ்சிருச்சுன்னு சொல்லிப் பாக்குறேன். குடிசையச் சாத்திட்டு உள்ளயே இருங்க," என்றார்.

மறுநாள் அப்படியே சொல்லவும் செய்தார். முதலாளி தலையாட்டிக்கொண்டே நடந்தார். பாழாய்ப்போன மழை அந்நேரம்தான் பிடிக்க வேண்டுமா? ஒதுங்குவதற்கு அவர் தள்ளிய கதவு குருவம்மாளுடையது.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மிளா பூக்கட்டவும் பழகிருச்சா ராக்கையா?" என்றார். ராக்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தேங்கய்யா. சரம்னதும் பூச்சரம்னு நெனைச்சுட்டேன்," என்றாள் குருவம்மாள். நான் வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். கட்டிய மூட்டை அவள் காலடியிலேயே கிடந்தது.

முதலாளிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். "அழிச்ச சரிவ நீங்க ரெண்டு பேரும்தேன் பாக்கணும். அது திரும்பக் காய்க்கிற வரைக்கும் மலையெறங்கக் கூடாது. ஊருக்குப் போறேன், பொங்கலுக்குப் போறேன்னு வந்து நிக்கப்படாது," என்றார் கறாராக.

குருவம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எம்புட்டு நாளாகுங்கய்யா?"

"அடுத்த ஆனியில பூத்து, அப்பறம் காச்சிரும்."

"அம்புட்டு வெரசாவா?" என்று கேட்டாளே பார்க்கலாம்.

முதலாளி வாய்விட்டே சிரித்துவிட்டார். அந்தக் குடிசையில்தான் அவளுக்குப் பிள்ளைகள் எல்லாம் பிறந்தன. அந்தச் சரிவும் வருஷம் தவறாமல் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இனி இறங்கலாம் என்று அவளிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.