மணவாளன் மாமாவின் ஆறு

மணவாளன் மாமா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். விற்பது வேட்டி, பேசுவது பெண்ணையாறு. ஆற்றங்கரையில் இருக்கும் தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பில் போடுகிற பெண் இருமிக் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

போன மாதம் சென்னைக்குப் போய் மகன் செம்பியனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். பெண்ணின் அப்பா ராஜமாணிக்கத்திடம் மாமா போனில், "கொல்லக் கதவத் தொறந்தா தண்ணிதான் சம்மந்தி" என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. இடம் பிடித்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். இல்லையென்றால் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார்கள். பிளஸ் டூ முடித்துச் சும்மா இருப்பவன் என்பதால், பரிமாற என்னைச் சிதம்பரத்திலிருந்து சனிக்கிழமையே வரவழைத்திருந்தார்கள்.

அது ஆனி மாதம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து இறங்கியதும் மாமா கொல்லைக் கதவைத் திறந்தார். ஆற்றுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு எந்தப் பக்கம் சம்மந்தி?" என்றார் ராஜமாணிக்கம்.

"இதான். மழைக்கு வந்து பாருங்க."

"அப்பவாச்சும் நாலு கொடம் வருமா?" என்று அவர் மனைவி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். செம்பியனும் சிரித்ததுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனார். விருத்தாம்பாள் அத்தை, "வேணாங்க" என்றார். மாமா காதில் விழவில்லை. அடுக்கியிருந்த நெல் மூட்டைகளை இழுத்துத் தள்ளினார். சுவரில் மார் உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு.

"போன வெள்ளத்துல வந்தது. இன்னும் ஆறு இல்லன்னு சொல்லுவீங்களா?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெண்ணின் அம்மா கோட்டைப் பார்த்தபடி கையைத் தன் கழுத்தருகே கொண்டுபோனார்.

"அப்ப எங்க இருந்தீங்க?" என்றார் ராஜமாணிக்கம்.

"பள்ளிக்கூடத்து மாடில." மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "கூடத்துலயும் கோடு இருந்துச்சு. நீங்க வரீங்கன்னு பெயிண்ட் அடிச்சி மறச்சிட்டேன்."

அத்தை அடுக்களைக்குப் போய்ச் சாம்பாரை மூடினார். ராஜமாணிக்கம் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வேளச்சேரில எங்க வூட்டுல இதவிட ஜாஸ்தி ஏறுச்சு" என்றார். "நாங்களும் பெயிண்ட் அடிச்சிட்டுத்தான் உங்கள வரச் சொன்னோம்."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"மேல ஒரு ரூம் மட்டும் கட்டிடுங்க. இப்ப எலயப் போடுங்க, பசிக்குது."

நான் வடை வைத்துக்கொண்டு வந்தபோது மாமா சம்பந்தியின் பக்கத்தில் குனிந்து, "நெசமாவே இதவிட ஜாஸ்தியா?" என்று மறுபடியும் விசாரித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிவானதில் அவருக்குச் சந்தோஷம்தான். பெண்ணையாறு வேளச்சேரியிடம் தோற்றதில்தான் கொஞ்சம் வருத்தம்.