தோட்டம் வேணுமாம்... மண்ணில் இறங்குகிற மாப்பிள்ளை வேண்டாமாம்!

போன ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் எங்கள் அன்னூர் வீட்டுக்கு வந்தார்கள். என் மகன் மோகனுக்குச் சம்பந்தம் பேச. திங்கட்கிழமை காலையிலேயே ‘ஒத்து வராது’ என்று தகவல் வந்துவிட்டது.

அதற்காக எனக்குக் கோபம் இல்லை. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்வதுதான் முறை. ஆனால், ஏன் வேண்டாம் என்றார்கள் தெரியுமா? அதைக் கேட்டதிலிருந்து உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிகிறது.

என் கோபம் வாய் வழியாக வராது. நாலு பேர் கூடிவிட்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் – இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? அன்றைக்கும் காபி டம்ளரை நீட்டியதோடு சரி. அதனால் இந்த வாரம் பூராவையும் உங்கள் தலையில்தான் கொட்டப் போகிறேன்.

மோகனுக்கு வயது முப்பத்து மூன்று. கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு, டவுனை விட்டு வெளியே, இரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய மரவீட்டை வாங்கினான். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் கம்ப்யூட்டர். நாலு நாள் மண்வெட்டி. அவன் தின்கிற காய் அவன் நிலத்தில் விளைந்தது. முட்டை அவன் கோழி போட்டது. அடுப்புக்கு விறகு அவன் பிளந்தது. வருடத்தில் ஐந்து மாதம் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிற ஊரில்!

தரகர் எழுதிய பயோடேட்டாவில் இதெல்லாம் இல்லை. ‘கம்ப்யூட்டர் இன்ஜினியர், கனடா, சொந்த வீடு, இரண்டு ஏக்கர் இடம்’ – அவ்வளவுதான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. அது என் தப்பு.

வந்தது பெண்ணின் அப்பா, அம்மா, கூடத் தரகர். பெண் வரவில்லை. அவள் பெயர் தாரணி.

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“ஏனுங்க அம்மணி, தோட்டம் எத்தனை ஏக்கராங்க?”

“நாலுங்க...”

“கெணத்துல தண்ணி நிக்குதுங்களா? போர் எத்தனை அடி ஓட்டியிருக்குதுங்க?”

தரகர் எனக்காகப் பதில் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்குத் திருப்தி. கனடாவில் இரண்டு ஏக்கர் என்றதும் கண் விரிந்தது. “அட! சைட்டுப் போட்டு வித்தா நல்ல வெலைக்குப் போகுமாட்ட இருக்குதே!”

நான் காபி டம்ளரை நீட்டினேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடியோ கால். அங்கே காலை எட்டு. ‘நல்ல சட்டை போட்டுக்கிட்டு ஒரே எடத்துல உக்காரு கண்ணு’ என்று மோகனிடம் முன்பே சொல்லியிருந்தேன். உட்கார்ந்தான். ‘மாப்ள, வேலையெல்லாம் எப்பிடிங்க? மாப்ள, குளுரு எப்பிடிங்க?’ என்று வார்த்தைக்கு ஒரு மாப்ள. பத்து நிமிடம் தேன் மாதிரி போயிற்று.

அப்புறம் அவர் ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார். “பனியில காய்கறிக்கெல்லாம் என்னங்க மாப்ள பண்ணுவீங்க?”

போச்சு! பையன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. படியிறங்கிப் போய் மணல் பெட்டியைக் காட்டினான். “மாமா, இது கேரட்டுங்க. ஈர மணல்ல அடுக்கி வெச்சா பங்குனி வரைக்கும் வாடாதுங்க.” ஒன்றை உருவி ஒடித்தான் – டப்பென்று சத்தம். உருளைக்கிழங்கு இருட்டுக்குள். முட்டைக்கோஸ் தலைகீழாகத் தொங்குகிறது. அலமாரி பூராவும் தக்காளி பாட்டில். பூசணி மட்டும் மேலே, கட்டிலுக்கு அடியில் – அதற்கு நிலவறைக் குளிர் ஆகாது.

நான் கேமராவுக்கு முன்னால் கையை ஆட்டுகிறேன் – போதும், போதும் என்று. பார்த்தால்தானே?

பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கே பார்த்தாலும் வெள்ளை. ஒரு மேட்டைக் காட்டி, “இதுக்கு அடியில பூண்டு தூங்குதுங்க மாமா. ஐப்பசியில ஊனி, வைக்கப்புல்லு போட்டு மூடிட்டேன். பனிதான் அதுக்குப் போர்வை” என்றான். கோழிக் கொட்டகைக்குப் போனான். ராத்திரியில் கல்லாகிப் போன வாளித் தண்ணீரைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினான். அதோடு விட்டானா? கோழி எருவை ஒரு மண்வெட்டி அள்ளிக் கேமராவுக்கு நேராகத் தூக்கினான். “சித்திரைக்குள்ள நல்லா மக்கிருமுங்க!”



“செரிங்க தம்பி... குளுருல நிக்காதீங்க, உள்ள போங்க” என்றார் பெண்ணின் அப்பா.

கவனித்தீர்களா? மாப்ள, தம்பி ஆகிவிட்டான்.

மறுநாள் தரகர் போன் செய்தார். “ஜாதகத்துல ஏதோ இடிக்குதாமுங்கக்கா.”

“எட்டுப் பொருத்தம் இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?”

“அது வந்துங்க... உள்ளதச் சொல்லிப்போடறேன். ‘கனடா போயும் கோழிப்பீ அள்ளற பையனுக்கா பொண்ணு குடுக்கறது?’ன்னு கேக்கறாங்க. நீங்க வெசனப்படாதீங்க, அடுத்த எடத்துல பாத்துக்கலாம். தம்பிகிட்ட மட்டும் சொல்லி வெய்யுங்க – போனைத் தோட்டத்துப் பக்கம் திருப்ப வேண்டாமுன்னு. வீட்டுச் செவுத்தோட நிறுத்திக்கட்டும்.”

செவுத்தோட நிறுத்திக்கணுமாம்! என் மகன் என்ன திருடினானா? சாராயம் காய்ச்சினானா?

நீங்களே சொல்லுங்கள். தோட்டம் எத்தனை ஏக்கர் என்பது முதல் கேள்வி. அந்தத் தோட்டத்தில் மாப்பிள்ளை இறங்குவான் என்றால் அதுவே கடைசிக் கேள்வி. கிணற்றில் தண்ணீர் நிற்க வேண்டும். அதை எடுத்துப் பாய்ச்சுகிறவன் மட்டும் வேண்டாம். தோட்டம் என்றால் என்ன, பீரோவில் பூட்டி வைக்கிற நகையா?

நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் வெயில். எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்கு வாசலில் இடம் இருக்கிறது. எட்டு வீட்டிலும் சிமென்ட் பூசியாயிற்று. கொத்தமல்லித் தழை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். அங்கே வைகாசியில் உறைபனி விட்டால் புரட்டாசியில் மறுபடி உறைபனி. நடுவில் கிடைக்கிற நாலு மாதத்தில் வருடம் பூராவுக்கும் சேர்த்து வைக்கிறான் என் மகன். யாருக்கு வெட்கம் வர வேண்டும்?

சும்மா பெற்ற பாசத்தில் பேசவில்லை. ஒரு வருடம் ஆனியில் போய் மாசி வரை அங்கே இருந்தேன். ஆடி பிறந்ததும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று அவரையை ஊன்றினேன். முந்தானையில் முடிந்து கொண்டுபோன விதை இல்லை, அங்கே இருக்கிற நம் ஊர்க்காரர் கடையில் வாங்கியதுதான். “அம்மா, இங்க ஆடியில வெதைச்சா ஆகாதுங்கம்மா” என்றான் மோகன். “போடா, உனக்கு முன்னாடி நான் மண்ணப் பாத்தவ” என்றேன்.

கொடி என்னமோ ஆள் உயரம் தாண்டிப் போயிற்று. ஒரு பூ? ஒரே ஒரு பூ? அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. பகல் குறுகினால்தான் அவரை பூக்குமாம். பகல் குறுகி மொட்டுத் தலைகாட்டிய வாரத்தில் ஒரு நாள் விடியக்காலம் போய்ப் பார்க்கிறேன் – பந்தல் பூராவும் வெந்நீர் ஊற்றின மாதிரி கருகித் தொங்குகிறது. உறைபனி! நான் அழுதுவிட்டேன். அவன் ‘அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொடியை அறுத்து எருக்குழியில் போட்டான்.

அந்த ஊரின் விதைப்புப் பட்டத்தை மண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன். காலண்டரைப் பார்த்தவள் நான். எங்கள் இரண்டு பேரில் யார் விவசாயி?

தையில் ஒரு பனிப்புயல். இரண்டு நாள் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, கடை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு குழந்தைகளையும் கம்பளியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விறகு அடுப்பில் நான் உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டு ஆறு பேரும் சாப்பிட்டோம். கம்ப்யூட்டர் அன்றைக்குச் சோறு போடவில்லை. அந்த மண்வெட்டிதான் போட்டது.

இதையெல்லாம் அந்தப் பொள்ளாச்சிக்காரரிடம் கேட்டே தீர்வது என்று இரண்டு நாளாக மனதுக்குள் பேசிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை போன் வந்தது. அவர் இல்லை. பெண்ணின் அம்மா.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. வேண்டாமுன்னு சொன்னது அவங்கப்பா இல்லீங்க. நாந்தான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“உங்க பையன் தங்கமான பையனுங்க. பாத்தாலே தெரியுது. ஆனா நான் கண்ணாலம் ஆகி வந்த நாள்ல இருந்து ஆறு மாட்டுல பால் கறக்கறனுங்க. காச்சல் வந்தாலும் கறக்கோணும், எங்கம்மா செத்தன்னைக்கும் கறந்துபோட்டுத்தான் போனேன். எம்பட புள்ளைக்கு அது வேண்டாமுங்க. இங்கயாச்சும் ஆளு கெடைக்கும். அந்தப் பனிக்குள்ள கோழிக்குச் சுடுதண்ணி தூக்கறதுக்கு ஆருங்க வருவா? இவதான தூக்கோணும்?”

பழகி வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கே போயிற்றோ.

ஏனென்றால் நானும் அதைத்தான் செய்தேன். மோகன் பத்தாவது படிக்கும்போது, பரீட்சை லீவில் வாழைக்கு மடை திருப்பிக்கொண்டு நின்றான். நான் ஓடிப்போய் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். “நீயும் இந்த மண்ணுல கெடந்து சாகோணுமா? போயிப் படி!” எறிந்த மண்வெட்டியை அவன் கனடா போய் எடுத்துக்கொண்டான். இன்றைக்கு அந்த அம்மாளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

ஆனாலும் ஒன்று உறுத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “தாரணி என்னங்க சொன்னா?”

“அவகிட்ட... இன்னும் கேக்கலீங்கக்கா.”

பாருங்கள் அக்கிரமத்தை! போர் எத்தனை அடி என்று கேட்டாயிற்று. ஜாதகத்தைக் கேட்டாயிற்று. இரண்டு ஏக்கருக்கு என்ன விலை போகும் என்றுகூடக் கணக்குப் போட்டாயிற்று. பனியில் போய் வாழப் போகிற பெண்ணிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் மட்டும் கேட்டேனா?

“கேளுங்க அம்மணி. அவ வேண்டாமுன்னு சொன்னா, நான் அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன்.

“கேட்டனுங்கக்கா. வீடியோவுல பாத்ததெல்லாம் சொன்னேன். தோட்டத்தப் பத்தி நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. எங்கிட்டத் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேட்டாளுங்க – ‘கேரட்டக் காட்டுனாரு, பூண்டக் காட்டுனாரு, கோழியக் காட்டுனாரு... எம்பட பேர ஒருக்காவாச்சும் சொன்னாராம்மா?’ன்னு.”

நியாயம்தானே? அரை மணி நேரம் பேசினானே அந்த மடையன்!

உடனே மோகனுக்குப் போன் போட்டேன். பொள்ளாச்சிக்கு என்று சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் கனடாவுக்குப் போயிற்று. “ஏன்டா, கோழிக்கெல்லாம் பேரு வெச்சிருக்கறயே, கட்டிக்கப் போறவ பேரு தெரியாதா?”

“தெரியுமுங்கம்மா... தாரணி.”

“இத எதுக்குடா எங்கிட்டச் சொல்றே?”

“அவங்கப்பா முன்னாடி எப்பிடிங்கம்மா கேக்கறது? வெக்கமா இருந்துச்சு. அதான்... கேரட்டக் காட்டினேன்.”

என் வயிற்றில் பிறந்தவன். வேறு எப்படி இருப்பான்?

தாரணியிடம் கேட்டுவிட்டு அவள் அம்மா மகளின் நம்பரைக் கொடுத்தார். இரண்டு நாளாக மோகனும் அவளும் பேசுகிறார்கள். குளிரைச் சொன்னானா, தூக்க வேண்டிய சுடுதண்ணீரைச் சொன்னானா, அவள் என்ன கேட்டாள் – எனக்குத் தெரியாது. ‘என்னக்கா, பேசி முடிச்சரலாமா?’ என்று தரகர் தினமும் கேட்கிறார். போனை வைத்துவிடுகிறேன்.

வேண்டாம் என்றே முடியட்டும், எனக்குக் கோபம் வராது – சொல்கிறவள் தாரணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.