மரியரட்ணத்தின் காட்டுப்பன்றி

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் "மரியரட்ணத்தின்ரை பண்டி" என்றால் எல்லோருக்கும் விளங்கும். இந்தக் கிழமை கட்டாயம் வருவேன் என்று சொல்லி வராத குழாய்க்காரன், பேச்சில் மட்டும் இருக்கும் லண்டன் மாப்பிள்ளை, எல்லாம் மரியரட்ணத்தின் பன்றிதான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அதே தெருவில் ஓர் இறைச்சிக்கடையில் ஆடு வெட்டிக்கொண்டு நிற்பார். காதில் விழுந்தாலும் கத்தி நிற்காது.

மன்னாரில் பிறந்தவர். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த மனிதர், பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் வீடு வாங்கி, பக்கத்து வீட்டு ழெரார் கூப்பிட்டான் என்பதற்காகப் பிரெஞ்சில் பரீட்சை எழுதி வேட்டை உரிமம் எடுத்து, காசு கொடுத்து ஒரு துவக்கும் வாங்கினார். இவருக்கு என்ன பேய் பிடித்தது என்று எல்லோரும் கேட்டார்கள். காட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லையே. நத்தார்ப் பண்டிகைக்குக் காட்டுப்பன்றிக் கறி என்று கடையில் வைத்தே சொல்லிவிட்டார். நத்தார் வந்தது, போனது. பன்றியைக் காணோம்.

ழெராரின் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டை. ஒரு பக்கத்தால் நாய்களை விட்டுக் கலைப்பார்கள். மறுபக்கத்தில் துவக்குக்காரர் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்பார்கள். மரியரட்ணம் மூக்குக் கடித்தாலும் சொறியமாட்டார். ஒரு முயல்கூட எட்டிப் பார்க்காது. மத்தியானம் கொம்பு ஊதியதும் எல்லோரும் தோட்டாவைக் கழற்றிவிட வேண்டும், அது விதி. மற்றவர்கள் பாணுக்குள் சீஸ் வைத்துக் கடிப்பார்கள். இவர் மரத்தடியிலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்து, மனைவி ஷிரோமி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலை அவிழ்த்து, நன்றாகக் குழைத்து, முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவார். அப்போதுதான் பன்றி வரும்.

ஒருநாள் இரண்டு நாள் இல்லை. பற்றைக்குள்ளால் மூஞ்சியை நீட்டி, இவரையும் சோற்றையும் பார்த்துவிட்டு, ஓர் அவசரமும் இல்லாமல் போகும். துவக்கு வெறும் துவக்கு. போனில் படமாவது எடுக்கலாம் என்றால் வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையால் சட்டைப்பையைத் துழாவி முடிப்பதற்குள் வாலும் மறைந்துவிடும்.

அதற்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விதான் அவரைப் பிடித்து ஆட்டியது. மிளகாய்த்தூளின் மணமோ என்று ழெராரைக் கேட்டார். அந்த மணத்துக்குப் பன்றி பெல்ஜியம்வரை ஓடும் என்றான் அவன். ஒரு கிழமை பார்சலை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, போனைப் பிடித்தபடி இருந்தார். சோறு ஆறியதுதான் மிச்சம். கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்தார். பாண் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கையும் சோற்றில் இருக்க வேண்டும், மனமும் சோற்றில் இருக்க வேண்டும், நடித்தால் பன்றிக்குத் தெரிந்துவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். அதைக் காசாளர் றூபனிடம் சொன்னதுதான் பிழை. அன்றைக்குக் கடை முழுக்கச் சிரித்தது.

கடை சிரித்ததுகூடப் பரவாயில்லை. ஞாயிறு பூசைக்குத் தனியாகப் போய்வந்து அலுத்துப்போன ஷிரோமி சிரிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ. பியர்ஃபித்திலை ஆற்றையோ வீட்டிலை இருந்து காட்ஸ் விளையாடுறியள், என்ன?"

"இல்லையப்பா. காட்டிலைதான்."

"காட்டிலை எண்டால் ஒரு வாலாவது கொண்டுவந்திருப்பியள். வாற வருசம் துவக்கும் வேண்டாம், உந்தப் பொய்யும் வேண்டாம்."

துவக்குப் போனால் போகட்டும். பொய் என்ற சொல்தான் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது. அவளுக்குப் பொய்யே சொன்னதில்லை என்று மரியரட்ணம் சத்தியம் பண்ணமாட்டார். ஆனால் இது பொய்யில்லையே. "அப்ப நீரும் வாரும்" என்றார்.

வேட்டைப் பருவத்தின் கடைசி ஞாயிறு. முதல்நாள் மாலைப் பூசையை முடித்துக்கொண்ட ஷிரோமி, ழெரார் கொடுத்த செம்மஞ்சள் மேலங்கியைக் கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு வந்தாள். காலை முழுக்க நாய்கள் குரைத்ததுதான். அவளுக்குக் கால் விறைத்தது. அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. கொம்பு ஊதியதும் பார்சல்களை அவிழ்த்தார்கள். மரியரட்ணம் பற்றையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை என்ன பார்வை? சோறு ஆறுது, சாப்பிடுங்கோ. குழம்புக்குப் புளி கூடிப்போச்சு."

"இல்லை, அளவாத்தான் இருக்கு."

"நாக்குச் செத்துப்போச்சோ உங்களுக்கு?"

இருவரும் புளியைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள். பன்றியை அவர் உண்மையாகவே மறந்துவிட்டார். பிறகு ஷிரோமியின் பேச்சு பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். தாய்ப்பன்றி ஒன்று, அதன் பின்னால் முதுகில் வரி விழுந்த குட்டிகள். தாய் நின்று இவர்களை வடிவாகப் பார்த்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வழியைக் கடந்து போனது. ஷிரோமியின் கவளம் வாய்க்கும் பார்சலுக்கும் நடுவில் அப்படியே இருந்தது.

"கண்டனீரோ?"

"ஓம்" என்றாள்.

மறுநாள் அவளே கடைக்கு வந்து றூபனிடம் சொன்னாள்.

"படம் எடுத்தனீங்களோ அக்கா?"

"கையிலை சோறு. எப்பிடி எடுக்கிறது?"

கடை குலுங்கிச் சிரித்தது. "அண்ணை அக்காவையும் பொய்க்குப் பழக்கிப்போட்டார்" என்றான் றூபன். ஷிரோமிக்கு மூக்கு நுனி சிவந்தது. என் கண்ணால் கண்டேன் என்று ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது. கடைசியில் இறைச்சி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"இவ்வளவு காலமும் இதை எப்பிடித் தாங்கினனீங்கள்?"

மரியரட்ணத்தின் கத்தி நின்றது.

"இவங்கள் பொய் எண்டதைத் தாங்கலாம், ஷிரோமி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.