மூன்றாவது பதில்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. 2002, மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். அன்று பிரிண்டரில் வந்த தாளை அசோகன் இன்னும் வைத்திருக்கிறான். நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

வடசென்னை டோல்கேட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், அசோகனும் ரெஜியும் சேர்ந்து கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருந்தார்கள். அசோகன் வியாசர்பாடி. ரெஜியின் அப்பாவுக்கு ராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை. காலேஜில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அசோகன் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதினான். வேறொரு புரோகிராமை அதற்குள் கொடுத்தால், அது ஓடி முடிந்து நிற்குமா, இல்லை முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்குமா என்று பார்த்துச் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் சொல்லிவிட முடியாது. அது அசோகனுக்குத் தெரியும். இவனுடைய பதிலைக் கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாக நடக்கிற மாதிரி எவனாவது ஒரு புரோகிராம் எழுதினால் போச்சு. நிற்கும் என்றால் அது ஓடும். நிற்காது என்றால் நின்று தொலைக்கும். எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். அதனால் மூன்று பதில் வைத்தான்: நிக்கும், நிக்காது, தெரியாது. பத்து நிமிடம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால் 'தெரியாது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவது பதிலில்தான் அவனுக்குப் பெருமை.

எண்ணூர் பக்கம் ஒரு நிலக்கரி யார்டு. கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் உள்ளே ஒரு புரோகிராம் ஓடும். அது ஓடி முடிந்தால்தான் பெல்ட் நிற்கும். அதைச் சோதித்துத் தரும் வேலை இவர்களுக்கு வந்தது. ரெஜி சோதித்தான். 'நிக்கும்' என்று தாள் வந்தது. சிநேகிதன் நீட்டிய தாள்தானே என்று அசோகன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அந்த பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுகிறவன் பீம்ராவ். அசோகனின் தங்கை செங்கொடியின் புருஷன்.

"மச்சான், மெய்யாலுமே நிக்குமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நான் கையெழுத்து போட்டுக்கீறேன் மாப்ள. தைரியமா போ."

அந்தச் செவ்வாய்க்கிழமை ரெஜி சாப்பிடப் போயிருந்தான். அசோகன் தனியாக இருந்தான். மணி 1.10. மாடிப்படியில் சத்தம். சரக்… அப்புறம் ஒன்றுமில்லை. சரக்… அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டவன் ஏறி வருகிற சத்தம்.

பீம்ராவ். தலையிலிருந்து கால்வரை கரி.

"இன்னா மாப்ள, ரெண்டு மணி வரிக்கும் டூட்டியாச்சே?"

வெளியே அக்னி வெயில். எண்ணூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவன் முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அசோகன் தண்ணீர் நீட்டினான். வாங்கவில்லை.

"இன்னொரு தபா கேளு மச்சான்."

"எத்த?"

"நிக்குமான்னு."

1.14. அசோகன் பெல்ட் புரோகிராமை எடுத்துத் தன் புரோகிராமுக்குள் கொடுத்தான். காத்திருந்தார்கள். பீம்ராவ் உட்காரவே இல்லை.

எங்கோ உருளைகள் சுற்றும் சத்தம். கடகட… கடகட… கீழே சைக்கிள் கடை பூட்டியிருந்தது.

சத்தம் நெருங்கியது. மேஜை அதிர்ந்தது.

1.24.

பிரிண்டர் கத்தியது. கிர்ர்… கிர்ர்…

தெரியாது.

"அன்னிக்கி நிக்கும்னு வந்துச்சே, மச்சான்?"

காதுக்குப் பக்கத்தில் குரல்.

திரும்பினான்.

யாரும் இல்லை…

போன் அடித்தது. யார்டிலிருந்து பேசினார்கள். பீம்ராவின் கால் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பொத்தானை அமுக்கினார்கள், மறுபடி மறுபடி அமுக்கினார்கள், நிற்கவில்லை. உயிர் 12.40க்கே போய்விட்டது. ஒற்றைச் செருப்பு பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்ததாம்.

ரெஜி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அசோகன் விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினான். ரெஜியின் முகம் வெளுத்தது.

"இது எப்படி வரும்?"

"ஏன் வராது?"

"அந்தப் பதிலை நான் எடுத்துட்டேன், அசோகா. மூணு மாசமாச்சு. தெரியாதுன்னு தாள் குடுத்தா எந்தக் கம்பெனிக்காரன் நம்மள மதிப்பான்? பத்து நிமிஷம் தாண்டினா 'நிக்கும்'னு வர மாதிரி மாத்திட்டேன்."

"தெரிஞ்சே எங்கிட்ட கையெழுத்து வாங்கினியேடா!"

"நீ பாத்துட்டுப் போட்டிருக்கணும்."

ஒரே டிபன் பாக்ஸில் தின்றவன் சொல்கிற பேச்சா இது? ஆனால் 'தைரியமா போ' என்று சொன்னது ரெஜி இல்லையே. செங்கொடியின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடக்கம் முடிந்த மறுநாள் அசோகன் ஆபீஸைத் திறந்தான். புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடினான். ரெஜி சொன்னது உண்மைதான். 'தெரியாது' என்ற சொல் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை.

மனசு கேட்காமல் பெல்ட் புரோகிராமை மறுபடி கொடுத்துப் பார்த்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் காத்திருந்தான்.

மூன்று தடவையும் 'நிக்கும்' என்றுதான் வந்தது.