மன்னிப்புக் கிடைத்தும் கரையில் நின்ற சுழியோடி

கண்டக்குழியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கரைவலை போடுவதில்லை. பாதர் வைக்கும் பூசை முடிந்த பிறகும் போடமாட்டோம். அன்றைக்கு மீனுக்கும் ஓய்வு என்று பெருமையடித்துக்கொள்வோம். அந்தப் பெருமையைக் கெடுக்கவென்றே ஒரு ஞாயிறு காலை பாரை மீன் கூட்டம் ஒன்று கரையோடு வந்து நின்றது.

அப்போது நான் மண்டாடி. வலையை எங்கே வளைப்பது, எப்போது இழுப்பது என்று சொல்லும் ஆள். கோயிலில் இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. பூசைக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனவர்கள் எல்லோரும் கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டோம். முதலில் சாரத்தை மடித்துக் கட்டியவன் சந்தியாகு. எங்கள் சுழியோடி. வலை பாறையில் மாட்டினால் மூச்சடக்கி இறங்கிக் கழற்றிவிடுவது அவன் வேலை.

"அண்ண, ஆண்டவர்தானே அனுப்பியிருக்கிறார். வேணாமெண்டு சொன்னா மரியாத இல்ல" என்றான்.

இவ்வளவு பக்தியான காரணம் கிடைத்த பிறகு நாங்கள் என்ன செய்வது? இழுத்தோம்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் பாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். பாதர் சொல்லச் சொன்ன செபத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றோம். சந்தியாகுவுக்கு மட்டும் அது முடியவில்லை. வாராவாரம் அதே பாவத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் குரல் வரிசைக்கே கேட்கும். வாரத்துக்கு வாரம் அவன் சொல்லும் பாரையின் பருமனும் கூடிக்கொண்டு வந்தது. பாரை தின்பதை விட்டான், கடலில் இறங்குவதையும் விட்டான்.

"என்ட கை பாவக் கை அண்ண. நான் இறங்கினா வலைக்குக் கேடு" என்பான்.

அவன் இறங்காததுதான் வலைக்குக் கேடு. கிழிசல் தைப்பதே எங்களுக்குத் தொழிலாகிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலைக்கு வராதவனுக்குப் பங்கும் இல்லை. அவன் மனைவி லூசியா கருவாடு காயவைக்கும் வாடிக்குக் கூலிக்குப் போனாள்.

மீன் எடுக்க வரும் நவாஸ் முதலாளி ஒருநாள் கேட்டார்: "நாங்க தவ்பா செஞ்சா, அல்லாட்ட மன்னிப்புக் கேட்டா, அதோட உட்டுருவம். ஒங்கட ஆள் ஏன் இன்னும் சுமந்துகிட்டுத் திரியிறாரு?"

பக்கத்தில் நின்ற லூசியா பதில் சொன்னாள்.

"ஆண்டவர் இவர எப்பவோ மன்னிச்சிட்டார் முதலாளி. இவ்வளவு லேசா மன்னிச்சதுக்கு இவர்தான் இன்னும் ஆண்டவர மன்னிக்கல்ல."

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வலை பாறையில் வசமாக மாட்டியது. கழற்றாமல் இழுத்தால் மீன் சேரும் மடி கிழியும். மடி போனால் அந்தப் பருவத்துப் பிழைப்பே போச்சு. சந்தியாகு கரையில் முழங்காலில் நின்று உருக்கமாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தான். லூசியா ஓடிப்போய்ப் பாதரையே கூட்டிக்கொண்டு வந்தாள். சப்பாத்துக்குள் மணல் போன எரிச்சல் பாதரின் முகத்தில் தெரிந்தது.

"சந்தியாகு, நான் தந்த மன்னிப்பு உனக்குக் காணாதா?"

"அதில்ல பாதர். எனக்குப் பெரிய தண்டனையா ஒண்டு தாங்க."

"சரி, தாறன். இப்ப இறங்கி வலையக் கழற்று. அதில வாற பாரையக் கறி வச்சு வயிறாறத் தின். ருசிச்சுத் தின்னணும்."

சந்தியாகுவின் முகம் செத்துப்போனது. "ருசிக்காமத் திண்டாப் போதாதா பாதர்?"

"போதாது."

இறங்கினான். கயிற்றைப் பிடித்தபடி நாங்கள் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கயிறு இளகியது. மடி முழுசாகக் கரைக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அன்று மத்தியானம் பாதரும் நானும் அவன் வீட்டில் காவல் இருந்தோம். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். இரண்டாவதை மென்றான். மூன்றாவதுக்குப் பிறகு லூசியாவைத் திரும்பிப் பார்த்து, "புளி காணாது" என்றான். அவள் அகப்பையை ஓங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

அதன் பிறகு வலைக்கு ஆள் சேர்க்கும்போது, என்ன பாவம் செய்தாய் என்று நான் யாரையும் விசாரித்ததில்லை. கரையில் நிற்கும் எல்லோரும் ஏதோ செய்தவர்கள்தான். மன்னிப்புக் கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவாயா என்று மட்டும் கேட்பேன்.